ரபதா வழியில் சுமந்த நீர்

அரபுக் கல்லூரியில் தயம்மும் பற்றிய பாடத்தை முப்பது ஆண்டுகளாக நாம் நடத்தி வருகின்றோம். தண்ணீர் கிடைக்காதவன், தண்ணீர் இருந்தும் நோயினால் அதனைத் தீண்ட இயலாதவன், தண்ணீர் இருந்தும் தாகத்திற்காக அதனைக் காத்து வைக்க வேண்டியவன் என்று காரணங்களை விரல்விட்டு எண்ணிக் காட்டுவோம். பிள்ளைகளும் மனனம் செய்து ஒப்பிப்பார்கள். பாடம் முடிந்ததும் ஆசிரியரும் மாணவரும் எழுந்து சென்று, பள்ளிவாசல் ஹவுளின் படியில் அமர்ந்து, தாராளமாக அள்ளி அள்ளி உளூச் செய்வோம். அந்த மூன்றாவது காரணத்தில் ஒரு மனிதன் உண்மையாகவே வந்து நிற்கும்போது அவனுக்கு என்ன நேர்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. 2023ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், மதீனாவுக்குத் தென்கிழக்கே ஒரு வறண்ட ஓடையின் மணலில் அதனை எண்ணிப் பார்க்க வேண்டியதாயிற்று.

உம்ராவை நிறைவேற்றிவிட்டு மதீனாவில் தங்கை மகனின் வீட்டில் தங்கியிருந்தோம். அவர் அங்கே பன்னிரண்டு ஆண்டுகளாக ஓட்டுநர். நில அளவைக்குச் செல்வோரை ஏற்றிக்கொண்டு சாலையே இல்லாத இடங்களுக்கு வண்டியோட்டிப் பழகியவர். ரபதாவைப் பார்க்க வேண்டும் என்பது நமது நெடுநாள் ஆசை. அபூதர் (ரலி) அவர்கள் தமது இறுதிக் காலத்தைத் தனிமையில் கழித்து, ஹிஜ்ரி 32இல் மறைந்த இடம் அது. கூபாவிலிருந்து மக்காவுக்கு வந்த பழைய ஹஜ்ஜுப் பாதையில், பிற்காலத்தில் ‘தர்பு ஸுபைதா’ எனப் பெயர் பெற்ற வழியில், ஒரு பெரிய தங்குமிடமாகவும் விளங்கியது. மதீனாவிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர். ஆசையைச் சொன்னதும் மருமகன் சிறிது யோசித்தார்.

“போகலாம் மாமா. ஆனால் அது தார் ரோட்டுப் பயணம் இல்லை. தண்ணீர் விஷயத்தில் மட்டும் நான் சொல்கிறபடி நீங்கள் கேட்க வேண்டும்.”

நாம் சிரித்தோம். தண்ணீரைப் பற்றி நமக்கே பாடமா என்று மனத்துக்குள் ஒரு செருக்கு எழுந்தது. அதை இங்கே மறைப்பதற்கில்லை.

புறப்படுவதற்கு முதல் நாள் இரவு, வீட்டு முற்றத்தில் அவர் செய்த ஆயத்தத்தை நாற்காலி போட்டு அமர்ந்து பார்த்துக் கொண்டிருந்தோம். 20 லிட்டர் கொள்ளும் வெள்ளை நிறப் பிளாஸ்டிக் கேன் ஒன்று. குடிநீருக்கென்றே செய்யப்பட்ட பிளாஸ்டிக் அது. அடிப்பக்கத்தில் ஒரு சிறு குழாய் பொருத்தியிருந்தது. அதனை எலுமிச்சையும் உப்பும் போட்டுக் குலுக்கிக் கழுவினார். பிறகு வாசனை சேர்க்காத பிளீச்சிங் திரவத்தைச் சில துளிகள் தண்ணீரில் விட்டு, அந்தத் தண்ணீரை அரைமணி நேரம் உள்ளே வைத்திருந்து கொட்டினார். மறுபடியும் இரண்டு முறை அலசினார். ஒரு பயணத்திற்கும் அடுத்த பயணத்திற்கும் இடையே கேனை மூடி வைக்கக்கூடாதாம். மூடியைக் கழற்றி நிழலில் கவிழ்த்து உலர்த்த வேண்டுமாம். வெயில் படும்படி நீரை வைத்தால் சில நாட்களில் பாசி பிடிக்குமாம். பெட்ரோலோ டீசலோ ஒருமுறை ஊற்றிய கேனில் ஆயுள் முழுவதும் நீரை ஊற்றக்கூடாது என்றும், எரிபொருள் கேனையும் தண்ணீர்க் கேனையும் அருகருகே வைப்பதே தவறு என்றும் சொன்னார்.

கழுவியபின் விளிம்பு வரை நிரப்பினார். “ஏன் இப்படித் தளும்பத் தளும்ப?” என்று கேட்டோம்.

“பாதி நிறைந்த கேனில் தண்ணீர் உள்ளே ஓடி விளையாடும் மாமா. வண்டி சாயும்போது அதுவும் அதே பக்கம் போய் மோதும். முழுக்க நிறைந்தால் கல்லு மாதிரிக் கிடக்கும்.”

நிறைகுடம் பற்றிய நமது பழமொழிக்கு இப்படியும் ஒரு விளக்கம் உண்டு என்பது அன்று தெரிந்தது. ஒரு கேனை முற்றிலும் தீர்த்த பின்பே அடுத்ததைத் திறப்பதும் இதனால்தானாம். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. 20 லிட்டர் கேன் ஒரு சிறு பிள்ளையைவிடக் கனம். அதனை வண்டியின் கூரைமேல் கட்டுவோர் உண்டு. அப்படிக் கட்டிய வண்டி சரிவில் எளிதாகக் கவிழும். ஆகவே தாழ்வாக, பின் சக்கரங்களுக்கு முன்னால், முன் இருக்கைகளை ஒட்டினாற்போல் வைத்து நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும். அடியில் ஒரு பழைய கம்பள விரிப்பைப் போட வேண்டும். இல்லையேல் வண்டித் தரையின் ஆணித்தலை ஒன்று நாள் முழுவதும் உரசி உரசிக் கேனில் ஓட்டை போட்டுவிடும். அனைத்தையும்விட முக்கியமானது, முழு நீரையும் ஒரே கலத்தில் வைக்காமல் பிரித்து வைப்பது. ஒன்று உடைந்தாலும் மற்றொன்று இருக்கும்.

அந்தக் கணக்கில், கேனுடன் 600 மில்லி லிட்டர் புட்டிகள் 20 கொண்ட அட்டைப்பெட்டி ஒன்றும் ஏறியது. வேறொரு 10 லிட்டர் கேனும் ஏறியது. அதன் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. அது வண்டிக்குரியது, கூலண்ட் கலந்த பச்சை நிற நீர், குடித்தால் நஞ்சு.

அந்த வெள்ளைக் கேனின் அடிக்குழாயைக் கண்டபோது நமக்கு ஒரு மகிழ்ச்சி உண்டாயிற்று. புகாரி ஷரீபின் தயம்மும் பகுதியில் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நீண்ட ஹதீஸ் ஒன்று உண்டு. பயணத்தில் மக்கள் தாகத்தால் முறையிடுகின்றனர். நீர் தேடி அனுப்பப்பட்ட இருவர், ஒட்டகத்தின் மேல் இரண்டு பெரிய தோற்பைகளுக்கு இடையே அமர்ந்து வரும் ஒரு பெண்ணைக் காண்கின்றனர். நீர் எங்கே என்று கேட்டதற்கு, நேற்று இதே நேரத்தில் தான் அங்கிருந்ததாக அவள் விடை சொல்கிறாள். நபி (ஸல்) அவர்கள் அப்பைகளின் மேல்வாய்களிலிருந்து சிறிது நீரைப் பாத்திரத்தில் எடுத்தபின், மேல்வாய்களைக் கட்டிவிட்டுக் கீழ்வாய்களைத் திறந்துவிடுகிறார்கள். மக்கள் அனைவரும் பருகியும் அப்பைகள் முன்னிலும் நிறைந்தனவாகக் காணப்பட்டன. அந்தக் கீழ்வாய்க்கு அரபியில் ‘அஸ்லா’ என்பர், பன்மை ‘அஸாலீ’. இச்சொல்லை அகராதிப் பொருள் கூறி நாம் கடந்துவிடுவது வழக்கம். தோற்பைக்கு எதற்காக இரண்டு வாய்கள் என்று எந்த மாணவனும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் விடை சொல்லியிருப்போமா என்பதும் ஐயமே. மதீனத்து முற்றத்தில் அச்சொல் பிளாஸ்டிக்கால் ஆகிக் கண்முன் இருந்தது. மேல்வாய் நிரப்புவதற்கு; கீழ்வாய் தூக்கிச் சரிக்காமல் எடுத்துக் கொள்வதற்கு.

“இந்தக் குழாயை மூடும்போது ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்கும். அது கேட்கிற வரைக்கும் திருக வேண்டும் மாமா” என்றார் மருமகன். கேட்டுக் கொண்டோம்.

மறுநாள் பஜ்ருத் தொழுகைக்குப் பின் மூவராகப் புறப்பட்டோம். மூன்றாமவர் மருமகனுடன் பணியாற்றும் சூடான் நாட்டவர், நமது வயதினர், சிரிக்கும்போது கண்கள் மறைந்துவிடும். நம்மை ‘யா ஷைக்’ என்றே அழைத்தார். நெடுஞ்சாலையில் பேசிச் சிரித்துக் கொண்டே சென்றோம். தார்ச்சாலையை விட்டு இறங்கிய பின்னர்தான் பேச்சு நின்றது. கருங்கல் பரப்பும், பருக்கைக்கல் வெளியும், ஆங்காங்கே முள்மரங்களும் தவிர வேறெதுவும் இல்லை. வண்டி பெட்டிக்குள் போட்ட காசு போலக் குலுங்கியது.

ரபதாவைக் குறித்துத் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். இங்கே நீரைப் பற்றியே சொல்வோம். ரியாத் பல்கலைக்கழகத்தார் (இன்றைய கிங் ஸஊத் பல்கலைக்கழகம்) 1979இல் தொடங்கி அங்கே அகழ்ந்தெடுத்தனர். வேலிக்கு வெளியே நின்று நாம் கண்ட வட்டக்குளம், மழைவெள்ளத்தைத் தேக்குவதற்காக அன்றைய மக்கள் கட்டியது. வெள்ளம் நேரே அதில் பாய்வதில்லை. அருகிலுள்ள சிறு தொட்டியில் முதலில் விழுந்து, வண்டல் படிந்தபின் தெளிந்த நீரே பெரிய குளத்துக்குச் செல்லும். அகழ்வில் வெளிப்பட்ட வீடுகளின் தரைக்கு அடியிலும் நீர்த்தொட்டிகள் இருந்தன. அவ்வீட்டார் தாம் உண்டு உறங்கிய அறைகளின் கீழேயே தமது நீரைப் பூட்டி வைத்திருந்தனர். இராமநாதபுரத்துச் சீமையில் ஊருணி நீரைக் குடத்தில் சுமந்து வந்து, ஒரு துளி சிந்தினாலும் நம்மைக் கடிந்துகொண்ட நமது பாட்டியார் அவர்களை அங்கே நினைத்துக் கொண்டோம்.

ஹாரூன் ரஷீதின் மனைவியார் ஸுபைதா அம்மையார் இவ்வழி நெடுகக் கிணறுகளும் குளங்களும் அமைக்கச் செய்தார் என்பது வரலாறு. நாம் அதனை அறச்செயல் என்று மட்டுமே சொல்லிவந்தோம். ஓர் இரவு நீரேற்றும் வேலையைக் கண்ட பிறகு, அது எத்தகைய கணக்கு என்பதும் புலப்பட்டது. ஒட்டகம் சுமக்கும் எடைக்கு ஓர் எல்லை உண்டு. அடுத்த குளம் ஒரு நாள் தொலைவில் உண்டென்று உறுதியானால் பயணி ஒரு நாள் நீரையே சுமப்பான். எஞ்சிய முதுகில் உணவையும், நடக்க இயலாத முதியோரையும் ஏற்றிக் கொள்வான். குளம் கட்டியவர் நீரை மட்டுமா தந்தார்? இடத்தையும் தந்தார்.

லுஹர் நேரம் வந்தது. பயணிகள் ஆதலால் லுஹரையும் அஸரையும் சுருக்கிச் சேர்த்துத் தொழ எண்ணினோம். மருமகன், “மாமா, கொஞ்சமாகப் பிடித்துக் கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டுச் சக்கரங்களைப் பார்க்கச் சென்றார். நாம் பின்கதவைத் திறந்து, குழாயின் கீழே கைகளை நீட்டி, வழக்கம்போல் மும்மூன்று முறை நிறைவாகக் கழுவினோம். வெயிலில் வந்த களைப்புக்கு அந்நீர் இதமாக இருந்தது. முகத்தை மேலும் ஒருமுறை கழுவினோம். நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ நீரில், அதாவது இரு கை சேர்த்து அள்ளும் அளவு நீரில், உளூச் செய்தார்கள் என்ற ஹதீஸையும் நாம் ஆண்டுதோறும் நடத்துகின்றோம். அன்று நாம் செலவழித்தது அதைப்போல் நான்கு மடங்கேனும் இருக்கும். முடித்ததும் குழாயைத் திருகினோம். சூடானியர் தம் புட்டி நீரில் பாதியிலேயே உளூவை முடித்துக்கொண்டு நமக்காகக் காத்திருந்தார். தொழ நின்றோம்.

திரும்பும்போது, சுற்றுவழியைத் தவிர்க்க எண்ணி மருமகன் ஒரு வறண்ட ஓடையைக் குறுக்கே கடக்க முயன்றார். அகலம் அதிகமில்லை, ஆகவே சக்கரங்களில் காற்றைக் குறைக்காமலே இறக்கினார். மணலில் ஓட்டும்போது காற்றைக் குறைத்தால் சக்கரம் அகன்று பதிந்து மேலேயே மிதக்கும்; குறைக்காத சக்கரம் கத்திபோல் வெட்டிக்கொண்டு உள்ளே இறங்கும். இதை நமக்குச் சொல்லித் தந்தவரே அவர்தாம். வண்டி நடு ஓடையில் வயிறு மணலில் படியும்படி அமர்ந்துவிட்டது. அப்போது மணி இரண்டு.

காற்றைக் குறைத்தும், மண்வெட்டியால் தோண்டியும், பலகை கொடுத்தும் பார்த்தனர். ஜாக்கியை வைத்தால் ஜாக்கியே மணலுக்குள் இறங்கியது. எஞ்சின் சூடேறியது, அது ஆறும்வரை காத்திருந்து, சிவப்புத்துணிக் கேனிலிருந்து ரேடியேட்டருக்கு ஊற்றினர். பழங்காலத்து வணிகன் தன் நீரை ஒட்டகத்துடன் பகிர்ந்துகொண்டான். நமது வாகனத்துக்கோ தனிக் குடுவை. அந்தக் குடுவைக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தோம். லிபியப் பாலையில் கார்களை ஓட்டிச்சென்ற பாக்னால்டு என்ற ஆங்கிலேய அதிகாரி, ரேடியேட்டர் கொதித்து ஆவியாகும் நீரை ஒரு குழாய் வழியே பாதி நீருள்ள தகரத்துக்குள் செலுத்தி மீண்டும் நீராக்கினார். எஞ்சின் குளிர்ந்ததும் அந்நீரை ரேடியேட்டரே உறிஞ்சிக் கொள்ளும். வண்டி குடிக்கும் நீரும் மனிதன் குடிக்கும் நீரும் ஒன்றாயிருந்த காலத்தில் அது உயிர்காக்கும் உத்தி. நாம் இன்று தூக்கித் திரியும் கேனும் அவ்வாறு போர்க்களத்திலிருந்து வந்ததே. 1930களில் ஜெர்மானியர் வடிவமைத்த 20 லிட்டர் தகரக் கேனைக் கண்டு ஆங்கிலேயர் பார்த்துச் செய்தனர்; ஜெர்மானியரை ‘ஜெர்ரி’ என்றழைக்கும் அவர்கள் வழக்கால் அது ஜெர்ரி கேன் ஆயிற்று. ஆங்கிலேயரின் முந்தைய மெல்லிய தகரங்கள் ஒழுகி ஒழுகியே பெயரெடுத்தவை. நீர் ஒழுகியதால் நேர்ந்த இடரை எழுதும்போது இச்செய்தி நினைவுக்கு வருகிறது.

மூன்று மணியளவில் புட்டிகள் குறைந்துகொண்டே வந்தமையால், கேனிலிருந்து நீர் பிடிப்பதற்காக மருமகன் பின்கதவைத் திறந்தார். சிறிது நேரம் அங்கேயே நின்றார். நாம் அருகே சென்றோம். கேன் எடையின்றிக் கிடந்தது. அடியில் விரித்த கம்பளம் ஊறிப் போயிருந்தது. நீர் முழுவதும் வண்டித் தரையின் துளை வழியே பாலையின் பாதையெங்கும் சொட்டிக்கொண்டே வந்திருக்கிறது. குழாய் கால்வாசி திறந்திருந்தது.

‘டக்’கென்ற அந்த ஓசையை நாம் கேட்டோமா? கேட்கவில்லை. முகத்திலிருந்து வடிந்த நீரைத் துடைத்துக்கொண்டே திருகினோம். பாங்கு சொல்லியாயிற்று என்ற விரைவில் சென்றுவிட்டோம். மருமகன் நம் முகத்தைப் பார்த்தார். பிறகு சூடானியரிடம், “குலுக்கலில் தளர்ந்திருக்கும்” என்று அரபியில் சொன்னார். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நாம் சொல்லவில்லை. ஐம்பது வயதைக் கடந்த, மாணவர் பலரால் உஸ்தாது என்று அழைக்கப்படும் ஒருவருக்கு, ‘நான்தான்’ என்ற ஒரு சொல் எத்தனை கனமாகிவிடுகிறது!

பொழுது சாய்ந்தபோது நான்கு புட்டிகள் எஞ்சின. மூவருக்கும் சேர்த்து இரண்டரை லிட்டர் கூட இல்லை. கைப்பேசியில் தொடர்பு இல்லை. நெடுஞ்சாலை 30 கிலோமீட்டர் இருக்கலாம் என்றார் மருமகன். வண்டியை விட்டு நடப்பதில்லை என்பது அவருடைய உறுதி. தேடுவோர் கண்ணில் முதலில் படுவது வண்டிதான், மனிதன் அல்லன் என்றார். நமது நா வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக் கொண்டிருந்தது. பச்சை நீர் நிறைந்த கேன் எதிரே இருந்தது. தொண்டைக்கும் உதவாத, உளூவுக்கும் ஆகாத நீர். நிறமும் சுவையும் மாறி நீர் என்ற பெயரையே இழந்துவிட்ட நீரைப் பற்றிய சட்டத்திற்கு இனி வகுப்பில் எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை.

அப்பொழுது மருமகன் தமது இருக்கையின் பின்னால் கைவிட்டு, சாக்குத்துணியால் சுற்றிய இன்னொரு 10 லிட்டர் கேனை வெளியே எடுத்தார். நாம் வியப்புடன் நோக்கினோம். முதல்நாள் இரவு அதை அவர் காட்டவே இல்லை.

“இதைப் பற்றி யாரிடமும் சொல்ல மாட்டேன் மாமா. இருக்கிறது என்று தெரிந்தால் மற்றத் தண்ணீரைத் தாராளமாகச் செலவழித்து விடுவார்கள். நாளைக் காலை வரைக்கும் யாரும் வராவிட்டால் இதுதான். உளூவுக்கு இல்லை.”

கடைசிச் சொல்லை மிகவும் மெதுவாகச் சொன்னார். தம் மாமாவுக்கு, அதுவும் ஓர் ஆலிமுக்கு, மார்க்கம் சொல்ல நேர்ந்ததே என்ற தயக்கம் அதில் இருந்தது. ஆனால் அவர் சொன்னதே சட்டம். உயிருக்கு மதிப்புள்ள எந்தப் பிராணியின் தாகத்திற்கும், பிறகு ஏற்படப்போகும் தாகமாயினும், நீர் தேவைப்படுமானால் அந்நீர் இல்லாததைப் போன்றதே என்பது நமது ஷாபிஈ நூல்களில் உள்ளது; தீங்கு செய்யாத நாயின் தாகமும் அதில் அடங்கும். இதனை எத்தனையோ முறை உரக்க வாசித்திருக்கின்றோம். நீர் கண்முன் இருக்கிறது; கை நீட்டினால் எட்டுகிறது; அது இல்லை. இந்த ‘இல்லை’யை ஏற்றுக்கொள்ள நெஞ்சம் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. கழுவாத முகத்துடன் இறைவன் முன் நிற்பதா என்று ஒரு குரல். அந்த நீரை வீணாக்கியவன் நீதானே என்று மற்றொரு குரல். நேரம் வருமுன்பே நீரை இழந்தவன் தயம்முமில் தொழுத தொழுகையை மீட்ட வேண்டியதில்லை என்ற சட்டமும் அத்துடன் நினைவுக்கு வந்தது. சட்டத்தில் நமக்கு வழி கிடைத்தது. மன அமைதி கிடைக்கவில்லை.

இன்னொரு சிக்கலும் எழுந்தது. நமது மழ்ஹபில் தயம்முமுக்குப் புழுதியுள்ள மண் வேண்டும். ஓடை மணலோ வெள்ளத்தால் அலசப்பட்டுச் சர்க்கரை போல் சுத்தமாயிருந்தது, கையில் ஒட்டவில்லை. வண்டிக்குள்ளிருந்த கம்பளத்தில் நாள் முழுதும் படிந்த புழுதி இருந்திருக்கும். அது நமது நீரால் சேறாகிக் கிடந்தது. சூடானியர் மாலிக் மழ்ஹபினர். அருகிலிருந்த கல்லின் மேல் கைகளை வைத்து எளிதாக முடித்துக்கொண்டு, “என்ன தேடுகிறீர்கள், யா ஷைக்?” என்று கேட்டார். “புழுதி” என்றோம். அவர் சிரிக்கவில்லை, எழுந்து நம்முடன் தேட வந்தார். கரையேறி, ஒரு முள்மரத்தின் வேரடியில் மென்மையான மண்ணைக் கண்டோம். மஃரிபுக்கு ஒரு முறை, சேர்த்துத் தொழுத இஷாவுக்கு மறுமுறை. முதல் தடவை மண்ணில் கைகளை அடித்து முகத்தருகே கொண்டு வந்தபோது அந்த மண்ணின் மணம் மூக்கில் ஏறியது. முப்பது ஆண்டுப் பாடத்தில் அந்த மணம் இருந்ததில்லை.

தொழுகை முடிந்து நெடுநேரம் ஆகவில்லை. தொலைவில் விளக்கொளி தெரிந்தது. மருமகன் வண்டி விளக்கை அணைத்து அணைத்து ஏற்றினார். ஒட்டக மந்தைக்கு நீர் கொண்டுசெல்லும் பதூ முதியவர் ஒருவர் தம் சிறு லாரியில் வந்து சேர்ந்தார். ஸலாம் சொன்னதும் அவர் கேட்ட முதற் கேள்வி, “இந்தகும் மோயா?” என்பது. உங்களிடம் தண்ணீர் உண்டா என்று பொருள். நமது கிதாபுகளில் நீர் ‘மா’. அந்த மண்ணின் பேச்சில் அது ‘மோயா’. அந்தக் கொச்சைச் சொல்லைப்போல் இனிய அரபியை அதற்கு முன் நாம் கேட்டதில்லை. அவருடைய வண்டியின் முதுகில் சதுரத் தொட்டி ஒன்று இருந்தது. முதலில் நமக்குக் குடிக்கத் தந்தார்; அதன்பின்னரே கயிற்றை எடுத்தார். இழுத்துக் கரையேற்ற இரண்டு முயற்சிகள் போதுமாயின.

புறப்படுமுன் நமது காலிக் கேனைக் கையில் எடுத்துப் பார்த்து, குழாயைத் திருகிக் காட்டி, இதை யார் இப்படி வைத்தது என்று கேட்டார். “நான்தான்” என்றார் மருமகன். முதியவர் அவரைக் கடிந்துகொண்டார். நீண்ட நேரம் கடிந்துகொண்டார். பன்னிரண்டு ஆண்டு பாலையில் ஓட்டியவர் தலைகுனிந்து நின்று கேட்டுக் கொண்டார். நாம் பக்கத்திலேயே நின்றோம்.

வீடு வந்து சேர்ந்தபோது நள்ளிரவு கடந்திருந்தது. படிக்கட்டில் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தி, “தம்பி, குழாயை மூடாமல் விட்டது நாம்தான்” என்றோம்.

“தெரியும் மாமா. குளித்துவிட்டுச் சாப்பிட வாருங்கள்” என்றார்.

மறுநாள் அந்தக் குழாயைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் சாதாரண மூடி ஒன்றைப் போட்டு இறுக்கினார். எடுத்து ஊற்றச் சற்றுச் சிரமம், ஆயினும் ஒழுகாது. கழற்றிய குழாயைக் கேட்டு வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தோம். அந்த ஆண்டு அந்த ஹதீஸ் வந்தபோது மேசைமேல் வைத்து, ‘அஸ்லா’ என்றால் இதுதான் என்று காட்டினோம். மாணவர்கள் கைக்குக் கை வாங்கித் திருகிப் பார்த்தனர். ரபதாப் பயணத்தையும் சொன்னோம். ஒரு மாணவன் எழுந்து, “உஸ்தாது, குழாயைத் திறந்து வைத்தது யார்?” என்று கேட்டான். “பயணத்தில் ஒருவர்” என்று சொல்லி, அடுத்த வரிக்குச் சென்றுவிட்டோம்.

அவன் வீட்டிலும் இந்த இதழை வாங்குகிறார்கள்.